கூகுள் போட்டோஸா இமிச்சா, பிளெக்ஸா ஜெல்லிஃபினா: குடும்பப் படங்களை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வழிகாட்டி

‘சேமிப்பிடம் நிரம்பிவிட்டது’ என்று போனில் வந்த அன்றைக்கே எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த அவசரத்தில் சிலர் பெரிய திட்டமாகப் பார்த்துச் சந்தா கட்டிவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் கொட்டிவிட்டுப் போனைத் துடைத்துவிடுகிறார்கள். முதலாவதில் பணம் போகும், இரண்டாவதில் படங்களே போய்விடும். இரண்டு வாரம் பொறுத்து, ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள்.

இங்கே பேசப்போவது நீங்களே எடுத்த படங்களையும் வீடியோக்களையும் பற்றி. அவற்றைக் கூகுள் போட்டோஸிலேயே வைப்பதா, வீட்டுக் கணினியில் ஓடும் இமிச்சுக்கு மாற்றுவதா, வீடியோக்களை டிவியில் காட்டப் பிளெக்ஸா ஜெல்லிஃபினா என்று பார்ப்போம். குழந்தை நடை பழகியது, தாத்தாவின் குரல், கல்யாண டிவிடி, இவை எதையும் திரும்ப விலைக்கு வாங்க முடியாது. ஆகவே நிரலை எவரும் பார்த்து எடுத்தாளக்கூடிய திறந்த மூல மென்பொருளா, நிறுவனம் தன்னிடமே மூடிவைக்கும் தனியுரிம மென்பொருளா என்று எடை போடும்போது முதல் கேள்வி ஒன்றுதான்: உள்ளே போட்டதை, தேதியும் தரமும் குறையாமல், முழுதாக வெளியே எடுக்க முடியுமா?

1. இருப்பதை எண்ணுங்கள் (ஒரு மாலை)

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். கூகுள் கணக்கில் எத்தனை ஜிபி, ஐகிளவுடில் எத்தனை, பழைய கணினியிலும் பென்டிரைவிலும் எத்தனை, அலமாரியில் எத்தனை டிவிடி. கூகுளின் இலவச 15 ஜிபி, போட்டோஸுக்கு மட்டும் உரியதல்ல. ஜிமெயிலும் டிரைவும் அதில்தான் பங்கு போடுகின்றன. இடம் நிரம்பினால் அஞ்சல் வருவதும் நின்றுபோகும்.

அடுத்து, கூகுள் போட்டோஸ் அமைப்புகளில் பேக்கப் தரம் என்ன என்று பாருங்கள். ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று இருந்தால், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களும் 1080பி-க்கு மேற்பட்ட வீடியோக்களும் சுருக்கித்தான் ஏறியிருக்கும். அதன்பின் ‘இடத்தை விடுவி’ பொத்தானையும் அழுத்தியிருந்தால் அசல் அந்தப் போனிலும் இல்லை, கூகுளிலும் இல்லை. சுருங்கியதைத் திரும்ப அசலாக்க வழியில்லை. இன்றைக்கே ‘அசல் தரம்’ என்று மாற்றி, மிச்சத்தைக் காப்பாற்றலாம். பழைய போன் ஏதாவது வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். அசல் அதில் இருக்கக்கூடும்.

2. வெளியே வரும் வழியை ஒப்பிடுங்கள்

கூகுள் போட்டோஸிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க இப்போது நடைமுறையில் ஒரே வழி, கூகுளின் தரவிறக்கச் சேவையான டேக்அவுட். 2025 மார்ச் 31 முதல் வெளியார் செயலிகள் முழு நூலகத்தையும் படிக்க முடியாதபடி கூகுள் தன் ஏபிஐ-யை (பிற செயலிகள் உள்ளே வரும் வாசல்) சுருக்கிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட ‘தானாக இறக்கும்’ கருவிகளை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். டேக்அவுட்டில் ஆல்பங்கள் வரும், தேதிகள் தனிக் கோப்பாக வரும், ஆட்களின் பெயர்களும் வரும். ஆனால் எந்த முகம் யாருடையது என்ற குறிப்பு வராது.

இமிச் என்பது வீட்டுக் கணினியில் ஓடும், கூகுள் போட்டோஸ் போன்றே தோற்றமளிக்கும் திறந்த மூல மென்பொருள். 2025 அக்டோபரில் நிலையான 2.0 பதிப்பு வந்தது. உங்கள் படங்கள் சாதாரணக் கோப்புகளாக உங்கள் டிஸ்கிலேயே இருக்கும். நாளைக்கு இமிச்சே இல்லாமல் போனாலும் கோப்புகளைத் திறக்கலாம். ஆனால் இதிலும் ஆல்பங்களும் முகப் பெயர்களும் தரவுத்தளத்துக்குள்தான் இருக்கின்றன, படத்துக்குள் எழுதப்படுவதில்லை. திறந்த மூலம் என்ற ஒரே காரணத்தால் எல்லாமே எளிதாக வெளியே வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. முகப் பெயர்கள் கோப்போடு ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்பவர்களுக்கு டிஜிகாம் பொருந்தும். அது மேசைக் கணினியில் ஓடும் திறந்த மூல மென்பொருள். பெயரைப் படத்தின் உள்ளேயே எழுதிவைக்கும்.

இடைவழி ஒன்றும் உண்டு: என்டே. நிரல் திறந்தது, சேமிப்பு அவர்கள் சர்வரில், படங்கள் உங்கள் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் மேலே போகும். வீட்டில் கணினி ஓடவிட முடியாதவர்களுக்கு நல்ல தேர்வு. கடவுச்சொல்லையும் 24 சொல் மீட்புக் குறியையும் இரண்டையுமே தொலைத்தால், அவர்களாலும் படங்களைத் திறந்து தர முடியாது. அந்த 24 சொற்களைக் காகிதத்தில் எழுதிவைக்காமல் முதல் படத்தை ஏற்றாதீர்கள்.

உரிமம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். எம்பி என்ற மீடியா சர்வர் (வீட்டுக் கணினியிலுள்ள வீடியோவை டிவிக்கு அனுப்பும் மென்பொருள்) 2018-இல் தன் நிரலை மூடியபோது, அதுவரை திறந்திருந்த நிரலை எடுத்துக்கொண்டு அந்த டிசம்பரிலேயே ஜெல்லிஃபின் தொடங்கியது. பயன்படுத்தியவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. தனியுரிம மென்பொருள் மூடப்பட்டால் அந்த வாய்ப்பு கிடையாது.

3. செலவுக் கணக்கு

இந்தியாவில் 2025 கணக்குப்படி கூகுள் ஒன் ஆண்டுச் சந்தா: 100 ஜிபி ரூ.1,300, 200 ஜிபி ரூ.2,100, 2 டிபி ரூ.6,500. உங்கள் மொத்தம் 200 ஜிபிக்குள் அடங்குமானால், பணம் மிச்சம் என்பதற்காக வீட்டு சர்வர் (எந்நேரமும் ஓடும் கணினி) வைக்காதீர்கள். மிச்சமாகாது. கூகுளிலேயே இருந்துகொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேக்அவுட் எடுத்து ஒரு டிஸ்கில் வைத்தால் போதும்.

அதற்கு மேல் போகும்போதுதான் கணக்கு மாறும். வேண்டியவை:

கணினி: இன்டெல் 7ஆம் தலைமுறையோ அதற்குப் பின்னதோ உள்ள பழைய மடிக்கணினி, அல்லது இன்டெல் என்100 ப்ராசஸர் கொண்ட மினி பிசி. நினைவகம் 8 ஜிபி, முடிந்தால் 16. உள்ளே 256 ஜிபி எஸ்எஸ்டி. புது மினி பிசி 2025-இல் ஏறத்தாழ ரூ.15,000 முதல் 20,000 வரை ஆனது. நினைவகத்தின் விலை ஏறி இறங்குவதால் வாங்கும் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்க்: இரண்டு. ஒன்று வேலைக்கு, ஒன்று பேக்கப்புக்கு. ஒரே ஒரு டிஸ்க்குக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், இன்னொன்று வாங்கும்வரை தொடங்கவே வேண்டாம்.

மின்சாரம்: என்100 கணினியும் டிஸ்கும் சேர்ந்து சராசரியாக 10 வாட் இழுத்தால், இரண்டு மாத பில்லில் 14–15 யூனிட். பழைய மேசைக் கணினி சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுத்தால் அதே இரண்டு மாதத்தில் 86 யூனிட். இலவசமாகக் கிடைத்த மேசைக் கணினி, பில்லில் விலையைக் காட்டிவிடும்.

மடிக்கணினியில் பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடுவது பெரிய வசதி. ஆனால் ஆண்டு முழுதும் 100 விழுக்காட்டில் மின்இணைப்பில் கிடந்தால் பேட்டரி உப்பக்கூடும். பயாஸிலோ (கணினி எழும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) தயாரிப்பாளரின் செயலியிலோ 60 அல்லது 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். டச்பேட் லேசாக மேலெழும்பினால் உடனே அணைத்துப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெர்ரி பை வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. இந்த வேலைக்கு வேண்டாம். பை 5-இல் வீடியோவை எச்.264 என்ற பரவலான வடிவுக்கு மாற்றித்தரும் தனிச் சுற்றே இல்லை. முழுச் சுமையும் ப்ராசஸரின் தலையில் விழும்.

4. கூகுளிலிருந்து இறக்குதல் (2 முதல் 5 நாள்)

டேக்அவுட் பக்கத்தில் எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு, போட்டோஸை மட்டும் டிக் செய்யுங்கள். கோப்பு வகை ஜிப், அளவு 10 ஜிபி. 50 ஜிபி என்று வைத்தால் பாதியில் இணைப்பு அறுந்தபின் மறுபடி முதலிலிருந்து இறக்கவேண்டி வரும். 2 ஜிபி என்றால் நூறு கோப்புகளை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டியிருக்கும். கோரிக்கை கொடுத்தபின் தயாராகச் சில மணி நேரமோ சில நாளோ ஆகும். தயார் என்று அஞ்சல் வந்த பிறகு சுமார் ஒரு வாரம்தான் இணைப்பு உயிரோடு இருக்கும், ஒவ்வொரு கோப்பையும் 5 தடவைக்கு மேல் இறக்க முடியாது. ஆகவே வெளியூர்ப் பயணத்துக்கு முந்தின நாள் கோரிக்கை கொடுக்காதீர்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 200 ஜிபி இறங்க, எந்தத் தடையும் இல்லாவிட்டாலே நாலரை மணி நேரம் ஆகும்.

ஜிப்களைப் பிரிக்காதீர்கள். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். படம் ஒரு ஜிப்பிலும், அதன் தேதியையும் இடத்தையும் சொல்லும் ஜேசன் கோப்பு இன்னொரு ஜிப்பிலும் இருக்கக்கூடும். பிரித்துப் படங்களை மட்டும் இழுத்துப் போட்டால், தேதி பொதிந்திராத படமெல்லாம் இன்றைய தேதிக்குக் கீழே வந்து குவியும். இமிச்-கோ என்ற சிறு கருவி ஜிப்களை அப்படியே படித்து ஜேசனையும் படத்தையும் ஜோடி சேர்த்து இமிச்சில் ஏற்றும். எல்லா ஜிப்களையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டும். இன்றைக்கு மூன்று, நாளைக்கு மூன்று என்று கொடுத்தால் ஜோடி பிரிந்துவிடும்.

வாட்ஸ்அப் வழியாக வந்த படங்கள் தனி ரகம். அவற்றுக்குள் எடுத்த தேதியே இருக்காது. கோப்புப் பெயரில் உள்ள 20230115 போன்ற எட்டு இலக்கம்தான் ஒரே தடயம், அதுவும் வந்து சேர்ந்த நாள்தான். அத்தை 1988-இல் எடுத்த படத்தை 2023-இல் அனுப்பினால் அது 2023 பொங்கலில் போய் உட்காரும். ஏற்றியபின் கையால்தான் திருத்த வேண்டும்.

5. இமிச் நிறுவுதல் (ஒரு நாள், பிறகு கணினியின் வேலை சில நாள்)

லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு சர்வரையோ டெபியனையோ போடுங்கள். இமிச், டாக்கர் என்ற கருவி அமைக்கும் தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) ஓடும். உபுண்டு நிறுவும்போதே ‘டாக்கர் வேண்டுமா’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே கிடைப்பது ஸ்னாப் என்ற உபுண்டு முறைப் பொதி, அதற்கு வெளி டிஸ்கைத் தொடுவதில் கட்டுப்பாடு உண்டு. டாக்கரின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து போடுவதுதான் சரி.

வெளி டிஸ்கை லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டிலும் கோப்பு உரிமைகள் சரியாக அமையாமல் இமிச் எழுத முடியாது போகக்கூடும். ஒரு தமிழ்ச் சிக்கலும் இதில் உண்டு. இஎக்ஸ்டி4-இல் கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் அடங்கவேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால் 85 குறிகள்தான் கொள்ளும். ‘கி’ என்ற ஓர் எழுத்தே இரண்டு குறி. விண்டோஸில் ஒழுங்காக இருந்த ‘சின்னம்மா வீட்டுக் கிரகப்பிரவேசம்’ என்று தொடங்கும் நீளமான பெயர்கள் இங்கே நகலாகாமல் நிற்கும். நகலெடுக்கும் முன் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இமிச் தரும் கம்போஸ் கோப்பையும் (எதை எப்படி ஓட்டுவது என்று டாக்கருக்குச் சொல்வது) அமைப்புக் கோப்பையும் இறக்கி, மூன்று இடம் மாற்றினால் போதும். படங்கள் சேரும் கோப்புறை வெளி டிஸ்கில். தரவுத்தளக் கோப்புறை உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில். நெட்வொர்க் டிஸ்கில் கண்டிப்பாகக் கூடாது. தரவுத்தளக் கடவுச்சொல்லில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். சிறப்புக் குறிகள் சேர்ந்தால் தொடக்கத்திலேயே பிழை வரும். பிறகு உலாவியில் சர்வரின் ஐபி முகவரியோடு 2283 என்ற போர்ட்டை (நுழைவாயில் எண்) திறந்தால் முதல் கணக்கு உருவாக்கும் பக்கம் வரும்.

படம் ஒன்றுகூட ஏற்றும் முன் நிர்வாக அமைப்பில் ‘ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்’ என்பதை இயக்குங்கள். இயக்காவிட்டால் கோப்புகள் புரியாத நீண்ட குறிப் பெயர்களோடு சேமிக்கப்படும். இயக்கினால் ஆண்டு, தேதி என்று கோப்புறையாகும், அசல் பெயரும் நிற்கும். வெளியே வரும் வழி என்று மேலே சொன்னது இதைத்தான்: நாளைக்கு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் செருகினாலும் 2019, ஆகஸ்ட் என்று கையால் தேடிப் போகலாம்.

ஏற்றிய பிறகு முகம் கண்டறிதலும் தேடல் குறியீடும் பின்னணியில் ஓடும். ஐம்பதாயிரம் படம் என்றால் சிறு கணினிக்கு ஒரு நாளுக்கு மேலேயே பிடிக்கும். விசிறி சத்தம் போடும், பயப்பட வேண்டாம். தேடல் பெட்டியில் ‘கோயில்’ என்று தமிழில் தட்டினால் பொருத்தமில்லாத படங்கள் வரும், ஏனென்றால் இயல்பாக வரும் தேடல் மாதிரி (மாடல்) ஆங்கிலத்துக்கானது. இயந்திரக் கற்றல் அமைப்பில் என்எல்எல்பி-கிளிப் போன்ற பன்மொழி மாதிரிக்கு மாற்றி, ‘ஸ்மார்ட் சர்ச்’ வேலையை எல்லாப் படத்துக்கும் மறுபடி ஓடவிட வேண்டும். இதற்கு 16 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது.

மின்வெட்டுக்குப் பின் சர்வர் எழும்போது வெளி டிஸ்க் இணையாமல் போவதுண்டு. அப்போது இமிச் தன் கோப்புறைகளில் வைத்திருக்கும் அடையாளக் கோப்பைக் காணாமல் ஓட மறுக்கும். சிலர் அந்த அடையாளக் கோப்பைத் தாங்களே உருவாக்கிச் ‘சரிசெய்து’விடுகிறார்கள், புதுப் படங்களெல்லாம் எஸ்எஸ்டிக்குள் போய் நிரம்புகின்றன. மறுத்தால் முதலில் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்கை அதன் தனி அடையாளமான யூயூஐடி எண் கொண்டு இணைப்பதாக, எந்த டிஸ்க் எங்கே இணையும் என்று லினக்ஸ் படிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

போன்களில் செயலி போட்டபின், ஆண்ட்ராய்டில் இமிச்சுக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஐபோனில் பின்னணிப் பதிவேற்றம் எப்போது நடக்கும் என்பதை ஐஓஎஸ்தான் தீர்மானிக்கிறது. வாரம் ஒருமுறை செயலியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அம்மா அப்பாவால் இது முடியாது என்றால் அவர்கள் போனில் கூகுள் போட்டோஸையே விட்டுவிடுவது நல்லது. அவர்களைப் பொறுத்தவரை தானாக நடக்கும் பேக்கப்தான் பேக்கப்.

6. வீடியோவுக்கு: ஜெல்லிஃபினா, பிளெக்ஸா?

வீட்டு டிவியில் பார்க்க இரண்டும் நன்றாகவே ஓடும். வேறுபாடு இதுதான். பிளெக்ஸுக்கு அவர்கள் தளத்தில் கணக்கு வேண்டும். வீடியோவை டிவிக்கேற்ற வடிவுக்கு வன்பொருள் வழியாக மாற்றப் பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணத் திட்டம் வேண்டும். 2025 ஏப்ரல் 29 முதல், வீட்டுக்கு வெளியிலிருந்து உங்கள் வீடியோவை நீங்களே பார்க்கவும் கட்டணம் உண்டு. அன்றே வாழ்நாள் பாஸின் விலை 119.99 டாலரிலிருந்து 249.99 டாலருக்கு ஏறியது. ஜெல்லிஃபினில் இவை எல்லாமே இலவசம், கணக்கும் உங்கள் சர்வருக்குள்ளேயே.

பிளெக்ஸின் பலம் டிவிச் செயலிகள். ஏறக்குறைய எல்லா டிவியின் செயலிக் கடையிலும் தேடினால் கிடைக்கும். ஜெல்லிஃபின் ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி, எல்ஜி டிவிகளில் எளிது. முடிவெடுக்கும் முன் உங்கள் டிவியின் செயலிக் கடையில் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒரு ஃபயர் ஸ்டிக் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெல்லிஃபின் 8096 போர்ட்டில் திறக்கும். நூலகம் சேர்க்கும்போது வகை ‘வீட்டு வீடியோக்களும் படங்களும்’ என்றிருக்கட்டும். ‘திரைப்படங்கள்’ என்று கொடுத்தால் மாமா கல்யாணத்துக்கு இணையத்திலிருந்து ஏதோ ஒரு சினிமா போஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். பிறகு டிரான்ஸ்கோடிங் (வடிவ மாற்றம்) பக்கத்தில் இன்டெலின் குயிக் சிங்க் தேர்ந்தெடுங்கள். டாக்கரில் ஓட்டினால் கிராபிக்ஸ் சாதனத்தைக் கன்டெய்னருக்குள் விடவும், அதைத் தொட அனுமதி உள்ள ரெண்டர் குழுவின் எண்ணைச் சேர்க்கவும் வேண்டும். இது விடுபட்டால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஒரு கோப்புறையில் போட்டு, மாற்று எழுத்துரு அமைப்பில் அதன் பாதையைக் கொடுங்கள்.

கல்யாண டிவிடிகளை இப்போதே எடுத்துவிடுங்கள். எழுதப்பட்ட டிவிடியின் சாயப்பூச்சு காலத்தோடு மங்கும். முதலில் முழு வட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாக (வட்டின் முழு நகல்) எடுங்கள். கீறல் இருந்தால் டிடிரெஸ்க்யூ கருவி படிக்க முடிந்த பகுதிகளை முதலில் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பத் திரும்ப முயலும். பிறகு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் எச்.264 தேர்ந்தெடுத்து, ஆர்எஃப் என்ற தர அளவை 18 முதல் 20-க்குள் வையுங்கள். நம் ஊர் டிவிடிகள் பெரும்பாலும் பால் (PAL) முறை, 720×576, ஒற்றை வரியும் இரட்டை வரியும் மாறி மாறி வரும் இடைவரிசை வீடியோ. அவற்றை ஒன்றுசேர்க்கும் டீஇன்டர்லேஸ் வடிகட்டியை இயக்காமல் விட்டால், மாலை மாற்றும்போது கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல்லாகக் கோடு தெரியும். இந்த ஒரு டிக்கை மறந்து இருபது வட்டையும் மாற்றி முடித்தால் மறுபடி இருபதையும் செய்யவேண்டும். ஆகவே முதல் வட்டில் ஐந்து நிமிடம் மாற்றிப் பார்த்தபின் மற்றவற்றைத் தொடுங்கள். ஐஎஸ்ஓவை அழிக்க வேண்டாம்.

7. வெளியூரிலிருந்து பார்க்க

இந்தியாவில் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது. பல வீடுகளுக்கு ஒன்றுதான். ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. சாதனங்களைத் தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேலைச் சர்வரிலும் போன்களிலும் போட்டால் 100 என்று தொடங்கும் முகவரியில் எங்கிருந்தும் எட்டலாம். போர்ட் திறக்கவே தேவையில்லை, பாதுகாப்பும் அதிகம். அதன் ஒருங்கிணைப்புச் சர்வர் தனியுரிமம். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு அதன் திறந்த மூல மாற்றான ஹெட்ஸ்கேல் இருக்கிறது, ஆனால் அதற்கு வாடகைச் சர்வர் ஒன்று தேவைப்படும். இதே வேலைக்குச் சிலர் எடுக்கும் கிளவுட்ஃப்ளேர் டனலின் இலவசத் திட்டத்தில் ஒரு பதிவேற்றம் 100 எம்பியைத் தாண்டக் கூடாது. படங்கள் ஏறும், நீள வீடியோக்கள் மட்டும் காரணம் சொல்லாமல் தோற்றுக்கொண்டே இருக்கும்.

8. பேக்கப், காகிதம், கடைசியாக அழித்தல்

இமிச் தினமும் இரவு 2 மணிக்குத் தரவுத்தளத்தின் பிரதி எடுத்து, கடைசி 14-ஐ வைத்துக்கொள்ளும். அதில் படங்கள் இல்லை, பெயர்களும் ஆல்பங்களும்தான். படக் கோப்புறை, தரவுத்தளப் பிரதி இரண்டையும் சேர்த்து ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி கொண்டு இரண்டாம் டிஸ்குக்கு வாரம் ஒருமுறை எடுங்கள். அந்த டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கக் கூடாது. மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்து போகும். மாதம் ஒருமுறை அதைத் தம்பி வீட்டிலோ அலுவலக அலமாரியிலோ மாற்றி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைக்கும், கடவுச்சொல் போனால் பேக்கப்பும் போச்சு.

ஆகவே ஒரு தாள் தேவை: சர்வரின் முகவரி, நிர்வாகக் கடவுச்சொல், ரெஸ்டிக் கடவுச்சொல், எந்த டிஸ்க் எது, வாங்கிய தேதி, உத்தரவாத பில். கடைசியில் ‘எனக்கு ஏதாவது ஆனால் இந்த டிஸ்கைக் கழற்றி இப்படித் திறக்கவும்’ என்று நான்கு வரி. நிலப் பத்திரத்தோடு அதையும் வையுங்கள், வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

இமிச்சைத் தானாகப் புதுப்பிக்க விடாதீர்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, பேக்கப் எடுத்த பிறகு, நீங்கள் வீட்டில் இருக்கும் சனிக்கிழமையில் செய்யுங்கள்.

கூகுளில் இருப்பதை மூன்று மாதம் தொடாதீர்கள். அதற்குள் ஒருநாள், பேக்கப் டிஸ்கிலிருந்து ஏதாவது ஓர் ஆண்டின் படங்களை வேறு கணினியில் மீட்டெடுத்து, இருபது படமும் ஐந்து வீடியோவும் திறந்து பாருங்கள். எண்ணிக்கையைக் கூகுளோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் அழிக்கலாம். போன் செயலியிலிருந்து அழிக்க வேண்டாம், அங்கே அழித்தால் போனில் உள்ள பிரதியும் சேர்ந்து போகும். முதலில் போனில் கூகுள் பேக்கப்பை நிறுத்தி, செயலியை விட்டு வெளியேறுங்கள். பிறகு கணினியின் உலாவியில், ஒவ்வோர் ஆண்டாக அழித்துக்கொண்டு வாருங்கள். அழித்தது 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதுவரை தொட்டியைக் காலி செய்யாதீர்கள், சந்தாவையும் அந்த 60 நாள் முடியும்வரை நிறுத்தாதீர்கள்.